நூறு சதவீத ஆரோக்கியம்

என் மனைவியின் குரலை அழித்தது நான்தான். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் எடுத்தது குரல்வளையை மட்டும். அதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருந்தது, கட்டி. குரல் அதற்கு முன்பே என் அலுவலக லேப்டாப்பில் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களாகப் பத்திரமாக ஏறியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கையில் டீ டம்ளரோடு, முழு நினைவோடு நான் அதை அழித்தேன். டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அழிக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது பிரதி எடுத்துவிட்டுத்தான் முதல் பிரதியை நீக்கினேன். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு எடத்துல வெச்சுக்குங்க. புண்ணு ஆறினதும் கொண்டாங்க. இதை வெச்சுத்தான் அவங்க குரல்லயே மிஷினைப் பேச வைக்கப் போறோம்." நானும் பென் டிரைவைச் செருகி, டெஸ்க்டாப்பில் இருந்த "அவள் குரல்" என்ற மஞ்சள் ஃபோல்டரை இழுத்து அதில் போட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் என்றால் சும்மாவா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவரும் எட்டிப் பார்த்து, "ராக்கெட் சார்" என்றார்.

அந்த மஞ்சள் படத்தின் மூலையில் கடுகளவு அம்புக்குறி ஒன்று இருந்தது. அது ஃபோல்டர் அல்ல, ஃபோல்டருக்குப் போகும் குறுக்குவழி. வீடு மாற்றுகிறேன் என்று கிளம்பி, வீட்டு முகவரி எழுதிய சீட்டை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டை இடித்துத் தள்ளிய மாதிரி. லாரி சீக்கிரம் கிளம்பியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

நான் ஏன் அன்றைக்கு வீட்டை இடிக்க வேண்டியிருந்தது என்பதற்கு எங்கள் வாரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறவர்கள். போன வருடம் எல்லோருக்கும் புது லேப்டாப் வந்தது. அவற்றைப் பராமரிக்க ஒரு பிரிவு வேண்டுமே என்று யோசித்தார்கள். அதே சமயத்தில் காகிதம், பென்சில், குண்டூசி வழங்கிக்கொண்டிருந்த எழுதுபொருள் பிரிவுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. இரண்டு பிரச்சினைக்கும் ஒரே கையெழுத்தில் தீர்வு கண்டார்கள். எழுதுபொருள் பிரிவு, டிஸ்க் நலப் பிரிவு ஆயிற்று. அதன் தலைவரும் அப்படியே டிஸ்க் நலப் பிரிவுத் தலைவர் ஆனார்.

மனிதர் இருபத்தெட்டு வருடம் பென்சில் கொடுத்தவர். பழைய பென்சிலின் அடிக்கட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுப் பென்சில். கட்டை இரண்டு விரற்கடைக்கு மேல் இருந்தால், "இதுல இன்னும் ரெண்டு நோட்டீஸ் எழுதலாமே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர், எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் இத்தனை தடவைதான் எழுத முடியும், அதற்கு மேல் எழுதினால் தேய்ந்துபோகும் என்று எங்கேயோ படித்துவிட்டார். முதல் முறையாக ஒரு கணினிச் சாதனம் அவருக்கு முழுமையாகப் புரிந்தது. அது ஒரு பென்சில்.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இருநூறு எம்.பி. எழுத்து ஒதுக்கீடு. அதற்கு மேல் ஒரு ஃபைல் சேமிக்க வேண்டுமென்றால், பழைய ஃபைல் ஒன்றை அழித்துவிட்டு, அழித்ததற்கு அத்தாட்சியோடு வர வேண்டும். லிஃப்ட் ஆய்வாளர்கள் அறிக்கையைக் கையால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து, போட்டோ இடத்தை அடைக்கிறது என்று அதையும் அழித்துவிட்டு, சான்றிதழை மட்டும் கொடுத்தார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் நான்கு மாதமாக நிற்கிறது. பழுது ஒன்றும் இல்லை. அதன் ஆய்வறிக்கையைச் சேமிக்க அனுமதி வரவில்லை.

இந்த லட்சணத்தில்தான் நான் அலுவலக லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் குரலைப் பதிவு செய்தேன். வீட்டில் வேறு கணினி இல்லை. அறுவைக்கு மூன்று வாரம் இருந்தது. எதிரொலி வரக் கூடாது என்று துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து, தலைக்கு மேல் போர்வை போட்டுக்கொண்டு பேசினாள். மருத்துவமனை கொடுத்த பட்டியல்: "கதவைச் சாத்து." "எனக்குக் குளிர்கிறது." "மருந்து கசக்கிறது." இருநூறு வாக்கியம் தாண்டியதும் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு மிஷின் இதை மட்டும் சொல்லிட்டிருந்தா நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்துடுவீங்க. அதுக்கா நான் இப்படி வேர்த்துக் கொட்டறேன்?"

அப்புறம் தன் சொந்தப் பட்டியலையும் சேர்த்தாள். "அதை அங்க வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது." "கேட்டீங்களா? கேக்கல." "சிரிக்காதீங்க, நான் சீரியஸா சொல்றேன்." கடைசி வாக்கியத்துக்கு என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கதவருகே நின்று கேட்டதற்கு, "மிஷின் சொல்லும், அப்பக் கேட்டுக்குங்க" என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாவது நாள் நான் அலுவலகம் போனபோது மேஜையில் நோட்டீஸ் இருந்தது. ஒதுக்கீட்டைப் போல ஏழு மடங்கு எழுதியிருக்கிறேனாம். அன்று மாலைக்குள் இருபத்தோரு படிகளையும் முடித்து டிஸ்க்கைச் சீர்படுத்திச் சான்று தராவிட்டால் லேப்டாப் பறிமுதல்.

இருபத்தோரு படிகள் கொண்ட அந்தச் சுற்றறிக்கை ஓர் அபூர்வமான ஆவணம். படி மூன்று, தேடும் வசதியை நிறுத்தவும். படி எட்டு, லேப்டாப் உறங்கும் வசதியை நிறுத்தவும். ஊழியர்களுக்கு இது பொருந்தாது என்று அடிக்குறிப்பு இல்லாமலேயே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். படி பதினொன்று, பழைய நிலைக்குத் திரும்பும் வசதியை நிறுத்தவும். படி பதினான்கு, பெரிய ஃபோல்டர்களை வெளியே நகலெடுத்துவிட்டு அழிக்கவும். டிஸ்க்கைத் திறந்து, அதில் ஆகப் பெரியதாக நின்ற "அவள் குரல்" ஃபோல்டரை அழித்தேன். படி பதினைந்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யவும். படி பதினாறு, டிரிம். அழித்த ஃபைல்கள் இருந்த இடத்தை டிஸ்க் தானே துடைத்து, புதிதாக எழுதத் தயார் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம், டிக் போட. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டம் காலியாக இருந்தால் பொறுக்காது. பதினொன்றே காலுக்குப் பதினாறாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மீதி டீயைக் குடித்தேன். வாரியத்திலேயே இருபத்தோரு கட்டங்களையும் நிரப்பியவன் நான் ஒருவன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் லேப்டாப்பைத் திறக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, பேச்சுப் பயிற்சி அம்மாவின் அறையில் பென் டிரைவைச் செருகியபோது அம்புக்குறியைப் பார்த்தேன். அதை அழுத்தினால், தேடும் பொருள் இருந்த இடத்தில் இல்லை என்று வந்தது. என் மனைவி வெளியே பெஞ்சில், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியும் மடியில் எழுதுபலகையுமாக உட்கார்ந்திருந்தாள். குழந்தைகள் கிறுக்கி விளையாடும் பலகை அது. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடும்.

"வேற பென் டிரைவை எடுத்துட்டு வந்துட்டேன்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

வெளியே வந்ததும் அவள் எழுதிக் காட்டினாள்: "என்ன ஆச்சு?"

"மிஷினைத் தயார் பண்ணிட்டிருக்காங்க. கொஞ்ச நாள் ஆகுமாம்."

அவள் தலையாட்டிவிட்டு, "அவசரம் இல்ல. திட்டறதுக்கு நெறைய சேர்த்து வெச்சிருக்கேன்" என்று எழுதினாள்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவர் முன்னால் நின்றேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் பழைய பென்சில் கட்டைகளை நீளவாரியாக அடுக்கிவைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேள்வி ஒன்றுதான் என்றேன். அழித்தது திரும்ப வருமா, வராதா.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"வரும் வராதுங்கறதெல்லாம் பாமரர் பேச்சு. நீங்க படிச்சவர். ஒரு ஃபைலை அழிச்சீங்க. விதிப்படி அழிச்சீங்களா?"

"விதிப்படிதான் சார்."

"அப்ப அதுல தப்பு இல்ல. தப்பு இல்லாத எடத்துல நிவாரணம் எப்படிக் கேப்பீங்க? விதியை மீறி அழிச்சிருந்தா உங்க மேல நடவடிக்கை எடுத்திருப்போம். நடவடிக்கையோட ஒரு பகுதியா மீட்பு முயற்சியும் நடந்திருக்கும். நீங்க ஒழுங்கா இருந்து கெடுத்துக்கிட்டீங்க."

"அப்ப விதியை மீறித்தான் அழிச்சேன்னு எழுதித் தரட்டுமா சார்?"

"தரலாம். ஆனா உங்க சான்று ஏற்கெனவே மேல போயிடுச்சு. இயக்குநர் பாத்துட்டாரு. டிஸ்க் ஆரோக்கியம் நூறு சதவீதம். வாரியத்துல வேற யாருக்கும் அந்த நூறு வரல. அவரு ரொம்ப நெகிழ்ந்துட்டாரு."

மீட்பு விண்ணப்பம் என்று ஒரு படிவம் இருந்தது. அதைக் கணினியில் நிரப்பிச் சேமித்து அனுப்ப வேண்டும். சேமிக்க எனக்கு ஒதுக்கீடு மிச்சமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் தன் பங்கிலிருந்து இரண்டு எம்.பி. தானம் செய்தார். தானம் செல்லாது, எழுத்து ஒதுக்கீடு கைமாற்றத்தக்கதல்ல என்று அது திரும்பி வந்தது. அடுத்த வார ஒதுக்கீடு வரும்வரை காத்திருந்து அனுப்பினேன். மூன்றாவது வாரம் ஒருவழியாக விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள், மூன்று தண்ணீர் பாட்டில்கள், நான்.

முதலாமவர், மீட்கப்படும் குரலை எங்கே எழுதுவதாக உத்தேசம் என்று கேட்டார். டிஸ்க்கில்தான் என்றேன். அது மறுபடியும் அதே அளவு எழுத்தாயிற்றே, ஒதுக்கீடு இருக்கிறதா என்றார். இரண்டாமவர், குரல் அலுவலகப் பணி சம்பந்தப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வாரியத்தின் டிஸ்க்கில் அது இருந்திருக்கவே கூடாது, இருந்திருக்கக் கூடாததை இழந்துவிட்டதாக எப்படிச் சொல்ல முடியும் என்றார். மூன்றாமவர் இளகிய மனம் படைத்தவர்.

"வருத்தமா இருக்குங்க. என் வீட்டம்மாவும் பேச்சுன்னா பேச்சு. ஒரு மாசம் அமைதி கெடைச்சா நல்லாருக்கும்னு தோணும். நீங்க ஏன் இதை அந்தக் கோணத்துல பாக்கக் கூடாது?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் கோப்பு நகரும் என்று ஒரு நப்பாசை.

பத்து நாளில் பதில் வந்தது: "தங்கள் விண்ணப்பத்தின் பேரில், மேற்படி பதிவுகளை மீட்க வாய்ப்பில்லை என்று இதுவரை எந்த அதிகாரியும் கருத்துத் தெரிவிக்கவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது." நான் அதை எத்தனையோ தடவை படித்தேன். வாய்ப்பில்லை என்று யாரும் சொல்லவில்லையே. வீட்டுக்குப் போய், "நல்ல செய்தி, வேலை நடந்துட்டிருக்கு" என்றேன். அவள் அன்றைக்கு முகம் கழுவி, நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் நான்காவது மாடியின் கோடியில், ஒட்டடையும் உடைந்த கீபோர்டுகளும் நிறைந்த ஓர் அறையில், கணினிகளைக் கழற்றி மாட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். கொண்டைக்குள் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பாள், அதனால் பெயரே திருப்புளி. ஒப்பந்த ஊழியர். அவளிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அவள் அறையைத் தாண்டித்தான் தினமும் கழிவறைக்குப் போவேன். ஒரு நாளும் உள்ளே போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பதில் அல்ல, பரிசீலனை. அதை வாரியம் குறைவில்லாமல் கொடுத்தது.

ஏழாவது வாரம் விருது அறிவித்தார்கள். சிறந்த டிஸ்க் பராமரிப்பாளர். குடும்பத்தோடு வர வேண்டுமாம். நான் மறைத்திருப்பேன். ஆனால் அழைப்பு வீட்டுக்கே போய்விட்டது. "நம்ம வீட்டுல ஒருத்தருக்கு விருதா? நான் பாத்தே ஆகணும்" என்று எழுதினாள்.

விழா நான்காவது மாடியில். லிஃப்ட் ஓடாது. அவள் இப்போது மூச்சு விடுவது கழுத்துத் துளை வழியாக. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, துணியை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மேலே அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன் மேல் என் லேப்டாப். திரையில் ஒரே ஒரு எண்: நூறு.

இயக்குநர் பேசினார்.

"நான் இந்தப் பதவிக்கு வந்தப்ப இந்த வாரியம் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது அறிக்கை எழுதிட்டிருந்துது. யோசிச்சுப் பாருங்க. அறுபது, எழுபது. அந்த டிஸ்க்குகளோட கதி என்ன? இன்னிக்குப் பெருமையா சொல்றேன், போன மாசம் நம்ம வாரியத்துல ஒரு அறிக்கைகூட எழுதப்படல. லிஃப்டுங்க ஓடுதா, ஓடுது. சிலது விழுது. விழுந்தா அதுக்குன்னு காவல்துறை இருக்கு, மருத்துவமனை இருக்கு, நீதிமன்றம் இருக்கு. ஒரு டிஸ்க் விழுந்தா அதுக்கு யார் இருக்கா? நாமதான் இருக்கோம்."

கைத்தட்டல் ஓய நேரம் பிடித்தது. பிறகு பிரிவுத் தலைவர் பாராட்டுரை வாசித்தார். என் மீட்பு விண்ணப்பத்திலிருந்துதான் விவரங்களை எடுத்திருந்தார். வேறெங்கும் என்னைப் பற்றி எழுதப்பட்டிருக்கவில்லை.

"நோய்வாய்ப்பட்ட தன் சொந்த மனைவியின் ஆயிரத்து அறுநூறு குரல் பதிவுகள் என்றும் பாராமல், குடும்பப் பாசத்துக்கு இடம் கொடாமல், ஒரே நாளில், ஒரே அமர்வில், பிரதி ஏதும் மிச்சம் வைக்காமல் அழித்து, டிஸ்க்கின் நலனை உயர்த்திப் பிடித்த இவரது தியாகம்..."

மறுபடியும் கைத்தட்டல். நான் மேடையிலிருந்து அவளைப் பார்த்தேன். குரல்வளை இல்லாதவர்கள் அழுதால் சத்தம் வராது என்று பேச்சுப் பயிற்சி அம்மா முன்பே சொல்லியிருந்தார். மேடை விளக்கின் கூச்சத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கேடயத்தைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். பழக்கதோஷம், சிரித்தேன்.

போட்டோ முடிவதற்குள் அவள் மேடை ஏறி வந்தாள். வெல்வெட் துணியோடு லேப்டாப்பைத் தூக்கி இடுக்கிக்கொண்டாள். பிரிவுத் தலைவர், "அம்மா, அது காட்சிக்கு வெச்சிருக்கு" என்றார். அவள் கடைநிலை ஊழியர் ஒருவரிடம் பலகையைக் காட்டினாள்: "இதை ரிப்பேர் பண்றவங்க எங்க?" அவர் கையை நீட்டினார். அவ்வளவுதான். படிவம் இல்லை, ஒதுக்கீடு இல்லை. நான் கேடயத்தோடு பின்னால் ஓடினேன்.

திருப்புளி ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி லேப்டாப்பை அவள் முன்னால் வைத்துவிட்டு எழுதினாள்: "இதுல இருந்த என் குரல் வருமா வராதா?"

திருப்புளி பலகையைப் படித்தாள். கழுத்துத் துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அழிச்சுட்டு டிரிம் போட்டீங்களா சார்?"

"போட்டேன்."

லேப்டாப்பை அவள் திறக்கவே இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் மனைவியிடம் சொன்னாள்:

"வராதுக்கா. எங்க கொண்டுபோனாலும் வராது. பழைய டிஸ்க்கா இருந்தா தோண்டிப் பாக்கலாம். இதுல டிரிம் போட்ட கொஞ்ச நேரத்துலயே சுத்தமா போயிடும். அன்னிக்கு மத்தியானமே வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

என் மனைவி தலையாட்டினாள். ஏதாவது பேசியாக வேண்டும் என்று நான் கேட்டேன்:

"நெறைய எழுதினா டிஸ்க் ஆயுள் குறையும்னு சொன்னாங்களே..."

"தினம் அம்பது ஜி.பி. எழுதினாலும் எட்டு வருஷம் தாங்கும் சார். அதுக்கு முன்னாடி இந்த லேப்டாப்போட கீல் ஒடைஞ்சிடும். உங்க பிரிவுத் தலைவர்கிட்ட போன வருஷமே சொன்னேன். ஒப்பந்த ஊழியர் கருத்து சொல்லக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தாரு. பென்சில்ல."

படியிறங்கினோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். நான் ஒரு கையில் கேடயத்தை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். எதிர்பாராத விதமாகத் தவறு நேர்ந்துவிட்டது, உரிய நேரத்தில் தெரிவிக்க இயலாமல் போயிற்று என்று என் வாயிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், நான் பேசிக்கொண்டிருப்பது வாரியத்தின் கடிதம் என்று எனக்கே உறைத்தது. நிறுத்தினேன். அவள் சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தாள்.

"நான்தான் அழிச்சேன். ஏழு வாரமா பொய் சொன்னேன். என்னை மன்னிப்பியா?"

அவள் பலகையை மடக்கிய முழங்கை மேல் வைத்துக்கொண்டு எழுதினாள். அவசரப்படவில்லை. திருப்பிக் காட்டினாள்.

"மாட்டேன்."

கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. பலகையைத் தன் பக்கம் திருப்பி அதிலும் எழுதினாள்.

"கையைப் பிடிங்க. படி தெரியல."